உங்கள் ‘ஆமா’வைக் கேட்க ஒரு ப்ளேயர் வாங்கினேன், அத்தான்

என்னோடு ஒருநாளும் ஒத்துப்போகாத என் அன்பு அத்தானுக்கு,

நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் சண்டை. அந்த வில்லுப்பாட்டு இசைத்தட்டை நீங்கள் என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் சவுண்ட் சர்வீஸ் ப்ளேயரின் ஊசி மாட்டிய கை தாவுகிறது என்று அதன் தலையில் ஐந்து பைசா நாணயத்தை வைத்தீர்கள். அது போதாதென்று அதன் மேல் இன்னொன்றையும் வைத்து ஒட்டினீர்கள். இடைசெவலில் சடங்கு, கயத்தாற்றில் கல்யாணம், எட்டயபுரத்தில் கடை திறப்பு என்று போகிற இடமெல்லாம் அதே கையால் அதே தட்டை ஓட்டினீர்கள். ஊசியா ஓடியிருக்கிறது அதில்? கலப்பை ஓடியிருக்கிறது.

நான் அப்போதே சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

“மாப்ள, கூட்டத்துக்குச் சத்தம் வேணும். ஊசி அழுதா நமக்கென்ன, தட்டு அழுதா நமக்கென்ன?”

இப்போது அழுதது யார், அத்தான்?

உங்கள் நினைவு நாளுக்குப் படம் போட்டு நாலு வரி அச்சடிக்கலாம் என்று உங்கள் மகன் கண்ணன் பெங்களூரிலிருந்து சொன்னான். நாலு வரியில் அடங்குகிற மனுஷரா நீங்கள்? நாலு வரியில் அடங்குகிற கோபமா என்னுடையது? அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு விவரம் தெரியாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே இரண்டு பத்தி சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லுப்பாட்டில் தலைமைப் பாட்டுக்காரர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட வேண்டும். ‘ஆமா’ விழுந்தால்தான் கதை அடுத்த வரிக்கு நகரும். ஒரு சின்னக் கம்பெனி நம் பக்கத்துக் குழு ஒன்றை மெட்ராஸுக்குக் கூப்பிட்டு இசைத்தட்டு போட்டது. நீங்கள் பாடப் போகவில்லை. மூட்டை தூக்கவும் ஊர் பார்க்கவும் கூடப் போனீர்கள். அங்கே போனதும் ஆமா போடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உங்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டில் அக்கா எது சொன்னாலும் “இல்ல” என்று ஆரம்பிக்கிற மனுஷர், அந்தத் தட்டின் இரண்டு பக்கமும் ‘ஆமா, ஆமா’ என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

பிற்காலத்தில் உங்கள் குரல்வளையையே எடுக்க வேண்டி வந்தது. அதற்கப்புறம் கடைசிவரை சைகைதான். செல்போனில் படம் பிடிக்கிற பழக்கம் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே உங்கள் குரல் போய்விட்டது. பேரன் எடுத்த வீடியோக்களில் நீங்கள் கையை ஆட்டுகிறீர்கள். பக்கத்து வீட்டு மிக்ஸிதான் பேசுகிறது. வீட்டிலிருந்த கேசட்டுகளைப் பூஞ்சை தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது அந்தச் சின்னத் தட்டு ஒன்றுதான். வேறு பிரதி கிடையாது. நான் விசாரிக்காத ஆள் இல்லை.

இனி அக்கா விஷயம். அவளுக்கு வலது காது போய்விட்டது, அத்தான். இடது காதும் குறைந்துகொண்டே வருகிறது. நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காது மெஷின் வாங்கிக் கொடுத்தால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைத்திருக்கிறாள். உங்கள் காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, தட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“ஏலே முத்தையா, நீதான் மெஷினு தெரிஞ்சவன். காது இருக்கும்போதே அவிய குரல ஒரு தடவ கேட்டுரணும்லே.”

நான் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நரைத்துப்போயிருந்தது. “கெட்ட கையில இத ஓட்டுனா இருக்கிறதும் போயிரும். நல்ல ப்ளேயர் வாங்கித்தான் ஓட்டணும்” என்றேன்.

“எப்ப?”

“வாங்கினப்புறம்.”

“அதான் எப்பங்கேன்.”

இதற்குத்தான் உங்களுக்கும் அவளுக்கும் பொருத்தம் பார்த்தபோதே நான் வேண்டாம் என்றேன். இரண்டு பேருக்கும் பொறுமை கிடையாது.

கண்ணன் கேள்விப்பட்டதும் சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற ப்ளேயர் ஒன்றை அனுப்பிவிட்டான். உள்ளேயே ஸ்பீக்கர். பளபளப்பான நீல நிறம். அதன் கை எவ்வளவு பாரம் வைக்கிறது என்று தெரிய வேண்டாமா? நகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், தராசுத் தட்டில் ஊசியை இறக்கிப் பார்த்தேன். “அண்ணாச்சி, இது தங்கமா வெள்ளியா?” என்று கடைக்காரர் கிண்டல் செய்தார். செய்யட்டும். நல்ல கை வைக்கிற பாரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நீங்கள் நாணயம் வைத்துச் செய்ததை இவர்கள் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்புகிறார்கள்.

கண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். “மாமா, எல்லாரும் அதுலதான் கேக்காங்க” என்றான்.

“கேக்கட்டும். அவங்களுக்குத் தேஞ்சா வேற தட்டு வாங்கிக்கிடுவாங்க. உங்கப்பாவுக்கு வேற தட்டு இருக்கா?”

“அப்ப கூரியர்ல அனுப்புங்க மாமா. சென்னையில ஒருத்தர் போன்ல ஏத்தித் தருவாரு.”

கூரியர்! போன தீபாவளிக்கு அவன் அனுப்பிய கண்ணாடி டம்ளர்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று அவனிடம் கேட்டேன். போனை வைத்துவிட்டான். அக்காவும் இதற்கு மட்டும் என் பக்கம்தான். “போன்ல கேட்டா யாரோ கூப்ட்ட மாதிரி இருக்கும்லே. அவிய தட்டுலதான் இருக்காக, தட்டுலயே கேக்கேன்” என்றாள்.

ஆகவே தேட ஆரம்பித்தேன். எனக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு கறவை மாட்டின் விலைக்கு மேல் போகக்கூடாது. மில் பென்ஷனில் வாழ்கிறவன் அதற்கு மேல் போனால் என் வீட்டுக்காரி, உங்கள் தங்கச்சி, என்னைக் கட்டுத்தறியில் கட்டிவிடுவாள். அந்த விலைக்குள் எதில் விட்டுக்கொடுப்பது, எதில் கொடுக்கக் கூடாது என்பதுதான் கேள்வி. பளபளப்பை விட்டுக்கொடுக்கலாம். ரிமோட்டை விட்டுக்கொடுக்கலாம். பேரிங்கை விட்டுக்கொடுக்க முடியாது. ஸ்பின்னிங் மில்லில் நூல் சுற்றும் கதிர்களோடு காலம் தள்ளியவன் நான். சுற்றுகிற எதையும் விரலால் ஒரு தள்ளு தள்ளி, அது நிற்கும்வரை காது கொடுத்தால் யோக்கியதை தெரிந்துவிடும். கனமான தட்டுமேடை, அமைதியான பேரிங், மாற்றக் கிடைக்கிற பெல்ட். அப்புறம் கை. கை லேசாக நகர வேண்டும். ஆனால் கழுத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. பின்பக்கத்து எடையைத் திருகி ஊசியின் பாரத்தை நாமே வைக்க வேண்டும். கை உள்பக்கமாக இழுபடாமல் தடுக்கிற திருகும் வேண்டும். ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் மாற்ற வேண்டும். இவ்வளவுதானே கேட்டேன்? இதிலே என்ன பேராசை?

மதுரையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். விற்பனையில் நின்றவன் ஒரு பெட்டியைக் காட்டி, “அண்ணாச்சி, இதுல ப்ளூடூத் இருக்கு. லைட்டு எரியும்” என்றான்.

“ஊசி எரியாம இருந்தாப் போதும். இதுல பாரம் எங்கன வைக்கணும்?”

“அதெல்லாம் கம்பெனியிலயே செட் பண்ணிருவாங்க.”

நான் அதன் கையைத் தூக்கிக் கழுத்தை மெல்ல அசைத்துப் பார்த்தேன். கடகடவென்றது. “தொடாதீங்க அண்ணாச்சி!” என்று ஓடிவந்தான். “தொடாம வாங்குறதுக்கு இது என்ன மூலவரா?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கடைசியில் ஒரு பழைய ஜப்பான் ப்ளேயர் தூத்துக்குடியில் கிடைத்தது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற கனம். விரலால் தள்ளினேன், சத்தமே இல்லாமல் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று ஒருநாள்தான் நான் இந்த வருஷத்தில் சிரித்தது என்று உங்கள் தங்கச்சி சொல்கிறாள். ஆனால் அதன் கை தேறாது. எந்தப் புண்ணியவானோ கழுத்தை வளைத்து வைத்திருந்தான். கை மட்டும் தனியாகச் சென்னையில் ஒருவரிடம் பழையது வாங்கினேன். புதுக் கைகளின் விலையைக் கேட்டால் மாட்டை மட்டும் அல்ல, தொழுவத்தையும் விற்க வேண்டும்.

கை வந்து, அதைப் பொருத்தப் பலகை அறுத்து, மாட்டி, அளவு வைத்தேன். அடுத்து அதை எதன்மேல் வைப்பது? மேஜை ஆடும். நடந்தால் ஊசி துள்ளும். மில்லில் மிஷினுக்கு எப்படி அடித்தளம் போடுவோமோ அப்படி முன்னறையில் தரையைத் தோண்டிச் செங்கலும் சிமெண்டும் வைத்து ஒரு மேடை கட்டினேன். உங்கள் தங்கச்சி, “சமாதி மாதிரி இருக்கு. யாருக்கு?” என்றாள். வைகாசியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது, கல்லில் செதுக்கின மாதிரி.

அப்புறம் ஊசி வர வேண்டும். ஊசி வந்தால் அதன் சன்னமான சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற பெட்டி வர வேண்டும். தட்டைக் கழுவ வேண்டும். ஊசி ஓடுகிற சாலுக்குள் அடைந்த கரிசல் தூசி ஒரு கழுவலில் போகிறதா? அக்கா வந்து வந்து போனாள். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. நான் மெதுவாகச் செய்ததாக யாரும் சொல்ல வேண்டாம். சரியாகச் செய்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை. மழை விட்ட ஒருநாள் காலையில் அக்காவை வரச் சொன்னேன். முழுகி, நல்ல சேலை கட்டி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இடது காதைக் காட்டி உட்கார்ந்தாள். ஊசியை இறக்கினேன். வில்லின் மணிச் சத்தம் வந்தது. பாட்டுக்காரர் கணபதியைக் கூப்பிட்டு முதல் வரி சொல்லி நிறுத்தினார். உங்கள் இடம்.

சர்ரென்று கை உள்ளே வழுக்கிப் போய்விட்டது.

தடுப்புத் திருகை ஏற்றினேன். மறுபடி இறக்கினேன். மறுபடி சர்ர். சரியாக நீங்கள் வாய் திறக்கிற இடத்தில், அத்தான். நாணயம் வைத்து உழுத சால் அங்கேதான் ஆழம் கெட்டிருக்கிறது. மூன்றாம் முறையும் அப்படியே.

“விட்டுருலே” என்றாள் அக்கா. “கீறிரும். எனக்குக் கேக்க வேண்டாம். அவிய உள்ளேயே இருந்துட்டுப் போறாக.”

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. விட்டுவிடு என்று அவள் எதற்குச் சொல்லியிருக்கிறாள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் கை விற்ற சென்னைக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

“கோளாறான கையை என் தலையில கட்டிட்டீங்க.”

“சார், கை நல்ல கைதான். மேடை மட்டமா இருக்கான்னு ஒரு தடவை பாருங்களேன்.”

“யாருகிட்டப் பேசுதீங்க? மில்லுல ரிங் ஃப்ரேமுக்கே மட்டம் வச்சவன் நான். எனக்கு மட்டம் சொல்லித் தாரீங்களா?”

இந்தச் சத்தத்துக்கு நடுவில் உங்கள் தங்கச்சி காபி கொண்டு வந்தாள். அக்காவுக்கு டம்ளரை வைக்க இடம் இல்லை. மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டாள். நான் போனைப் பொத்திக்கொண்டு, “எடு அதை! மிஷின்மேல காபியா?” என்று கத்தினேன். அக்காவுக்கு என் கத்தல் கேட்கவில்லை. டம்ளரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே, காப்பி ஒரு பக்கமா நிக்குது பாரு.”

“டம்ளர் நசுங்கிருக்கும்.”

உங்கள் தங்கச்சி வேறு டம்ளரில் ஊற்றி வைத்தாள். அதிலும் காபி ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது; மறுபக்கம் ஒரு விரல் தாழ்ந்து நின்றது. ரசமட்டத்தை எடுத்து வைத்தேன். குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது.

கரிசல் மண், அத்தான். கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். மழை விழுந்தால் மாவு மாதிரி உப்பும். மழைக்காலத்தில் என் வீட்டு வாசல் கதவு மூடாமல் வருஷா வருஷம் இழைப்புளி போடுகிறவன் நான்தான். அது எனக்குத் தெரியாதா? மில்லில் சுக்கான் பாறை தட்டுகிறவரை தோண்டித்தான் அடித்தளம் போடுவார்கள். வீட்டுக்குள் அவ்வளவு ஆழம் தோண்ட உங்கள் தங்கச்சி விட்டால்தானே? மேடை பிழையில்லை. மேடைக்குக் கீழே இருந்த பூமி பிழை. இதை நான் எங்கும் சொல்வேன்.

சென்னைக்காரர் இன்னும் போனிலேயே இருந்தார். “பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று வைத்துவிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு கிலோ கடலைமிட்டாய் அனுப்பினேன். புரிந்துகொள்கிறவர் புரிந்துகொள்வார்.

“நம்ம வீட்டுக்குக் கொண்டு வாலே” என்றாள் அக்கா.

நீங்கள் அந்த மேட்டுப் பாறையில் மனை வாங்கியபோது நான் என்ன சொன்னேன் என்று அவள் மறக்கவில்லை. “முருங்கைகூட முளைக்காத இடத்துல வீடு கட்டுதாரு, மண்ணு தெரியாத ஆளு” என்றேன். அதை அன்று ஆட்டோ போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ப்ளேயர் என் மடியில். இறங்கவும் முடியவில்லை.

உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்த கடப்பைக்கல் அலமாரியில் வைத்தேன். ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நேராக நடுவுக்குப் போய் நின்றது. அடியில் ஓர் அட்டைத்துண்டுகூட வைக்க வேண்டியிருக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. ஒரு இடத்திலாவது நான் சரிசெய்ய ஏதாவது மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?

“நான் இல்லாதப்ப யாரும் தொடக்கூடாது” என்றேன்.

“என் வீடு, என் புருசன் ரிக்கார்டு. நீ யார்லே?”

“ப்ளேயர் என்னது.”

“அப்ப உன் ப்ளேயர எடுத்துட்டு உன் சமாதிக்குப் போ.”

ஊசியை இறக்கினேன். வறுத்த கடலையைப் புடைக்கிற மாதிரி ஓர் இரைச்சல். மணி. கணபதி. முதல் வரி. நிறுத்தம்.

“ஆமா.”

நான் அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்கவில்லையோ, காலம் கடத்திவிட்டேனோ என்று ஸ்பீக்கரின் சத்தத்தை ஏற்றினேன். இரண்டாவது ‘ஆமா’வும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. அப்புறம் சொன்னாள்:

“சளி புடிச்ச குரலுல்லா இது. மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கலன்னு மூக்க உறிஞ்சிக்கிட்டேதான் வந்தாக.”

அத்தான், எனக்கு அது தெரியாது. நகைக்கடைத் தராசு வைத்து நான் தேடியது அதற்குள் இருந்த உங்கள் சளியைத்தானா?

தட்டு முடிந்தது. “இன்னொரு தடவ போடு” என்றாள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், தேயும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் போட்டேன். இந்த முறை அவள் சும்மா கேட்கவில்லை. பாட்டுக்காரர் வரியை முடிக்கிற இடம் பார்த்து, உங்களிடம் பேச ஆரம்பித்தாள்.

“எங்கிட்டக் கேக்காம வளையல வச்சு ஆம்ப்ளிஃபயர் வாங்குனது தப்புதான?”

“ஆமா.”

“அன்னைக்கு மீன் கொழம்பு நல்லா இல்லன்னது பொய்யிதான?”

“ஆமா.”

“இந்த முத்தையா ஒரு பிடிவாதம் புடிச்ச பய, அப்படித்தான?”

“ஆமா.”

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் அந்தக் காலத்தில் மெட்ராஸில் வேறு எதற்கோ சொன்னதை, என் காசில் வாங்கிய கையை வைத்து, என் மேலேயே திருப்புவது எந்த ஊர் நியாயம்? ஆனால் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நீங்கள் போனபிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டவர் யாரும் இல்லை. உங்கள் மகன்கூட இல்லை.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். சத்தமாக இல்லை. “அங்கன எனக்கு எடம் போட்டு வச்சிருக்கியளா?” அந்த இடத்தில் பாட்டுக்காரர் இழுத்துவிட்டார், வரி நீண்டுகொண்டே போகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. அவள் இடது காதை ஸ்பீக்கரோடு ஒட்ட வைத்துக் காத்திருந்தாள். அப்புறம் சொன்னீர்கள்.

சரி. இனி என் பங்கு. வெள்ளிக்கிழமைதோறும் வருவேன். தட்டைத் துடைப்பேன், பாரம் பார்ப்பேன், ரசமட்டம் வைப்பேன். பாறை அசையாது என்றாலும் வைப்பேன். தேய்வதற்கு முன்னால் ஊசி மாற்றுவேன். அவளுடைய காது முழுவதும் அடைபட்டுப்போகிற நாள் வந்தால், அவள் விரலைப் பிடித்து ஸ்பீக்கரின் மேல் வைப்பேன். ‘ஆமா’ எங்கே வருகிறதென்று தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நாணயத்தை மட்டும் அந்தக் கையின் பக்கம் வர விடமாட்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் முதலில் அக்காவைக் காட்டினீர்கள், அப்புறம் என்னைக் காட்டினீர்கள், அப்புறம் உள்ளங்கையை விரித்துக் கேட்டீர்கள். நான் வழக்கம்போல, “கண்ணன் இருக்கான், என்னை ஏன் கேக்கீங்க?” என்று விவாதம் பண்ணினேன். நீங்கள் கையை மடக்கவே இல்லை. விரித்தபடியே வைத்திருந்தீர்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். மண்ணில் உங்களோடு ஒன்றிலும் ஒத்துப்போகாதவன், வீடு கட்டும் இடத்தில் மட்டும் தோற்றவன், வரி முடிந்து வெகுநேரம் ஆனபின் சொல்கிறேன்:

ஆமா, அத்தான்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி, உங்கள் மச்சினன்
முத்தையா
கோவில்பட்டி